சோதித்த சர்வர் வேறு, ஓடும் சர்வர் வேறு

2018 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி தன் 52 லட்சம் வாடிக்கையாளர்களையும் ஒரே வாரக்கடைசியில் பழைய கணினி அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலையில் இறங்கியது. அதுவரை அவர்கள் பயன்படுத்தியது லாயிட்ஸ் வங்கியின் அமைப்பு. அதற்குப் பணம் கட்டிவந்தார்கள். 2015இல் டிஎஸ்பியை வாங்கிய ஸ்பெயினின் சபடெல் வங்கி, தன் சொந்த மென்பொருளையே பிரிட்டனுக்கு ஏற்ப மாற்றித் தந்தது. ஞாயிற்றுக்கிழமை புதிய அமைப்பைத் திறந்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே புகார்கள் குவிந்தன. பலரால் உள்ளே நுழைய முடியவில்லை. நுழைந்த சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் நின்றார்கள். நிலைமை முழுதாகச் சீரடைய டிசம்பர் ஆகிவிட்டது. தலைமைச் செயல் அதிகாரி செப்டம்பரிலேயே பதவி விலகிவிட்டார். 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டு. வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த இழப்பீடு தனியாக 3 கோடியே 27 லட்சம் பவுண்டு.

இத்தனைக்கும் தரவை நகர்த்தியதில் கோளாறு இல்லை. கணக்குகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன என்று ஒழுங்குமுறை அமைப்பே சொன்னது. சரிந்தது அந்தத் தரவைச் சுமந்த தளம். வங்கி அமர்த்திய சட்ட நிறுவனம் 2019 நவம்பரில் ஓர் அறிக்கை கொடுத்தது. அதில் காரணங்கள் பல இருந்தாலும், எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. புதிய அமைப்பு இரண்டு டேட்டா சென்டர்களில் ஒரே நேரத்தில் ஓட வேண்டியது. சுமையைத் தாங்குமா என்ற சோதனையை ஒன்றில் மட்டும் செய்தார்கள். இன்னொன்றும் இதே மாதிரிதானே இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அது இதே மாதிரி இல்லை.

வணிக மென்பொருளை வெர்ச்சுவல் சர்வரிலோ (ஒரே இயந்திரத்தைப் பங்குபோட்டு உருவாக்கும் சர்வர்) கிளவுடிலோ (இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் சர்வர்) ஏற்றுகிற எவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. 'டெஸ்ட் பாஸ்' என்று ஓர் அறிக்கை கையில் வந்தால், பாஸ் ஆனது எது? மென்பொருளா, அது அன்றைக்கு ஓடிய அந்த ஒரு சர்வரா? நாளைக் காலை வாடிக்கையாளர் வந்து நிற்கப்போவது அதே சர்வரில்தானா?

கழித்துப்போட்ட மெஷின்

கிளவுடுக்கு முன்னால் நல்ல சர்வர் என்றால் லட்சக்கணக்கில் விலை. ஆர்டர் போட்டால் வந்து சேர வாரக்கணக்கு. அதனால் புதிதாக வருவது ப்ரொடக்ஷனுக்கு, அதாவது வாடிக்கையாளர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் இடத்துக்குப் போகும், அங்கிருந்து கழித்தது டெஸ்டிங்குக்கு வரும். டெஸ்ட் மெஷினில் மெமரி பாதிதான் இருக்கும், டிஸ்க் வேறு ரகமாக இருக்கும், ஆபரேட்டிங் சிஸ்டம் இரண்டு பதிப்பு பின்தங்கியிருக்கும். ஏதாவது ரிப்போர்ட் ஓட மூன்று நிமிடம் ஆனால், 'பழைய மெஷின், அப்படித்தான் இருக்கும்' என்று எல்லாரும் சமாதானமாகிவிடுவார்கள். உண்மையிலேயே நிரல் மோசமாக இருந்தாலும் அந்தச் சமாதானம் அதை மூடிவிடும்.

ஒரே இயந்திரத்தைப் பல இயந்திரங்களாகக் காட்டும் உத்தி ஒன்றும் புதிதல்ல. ஐபிஎம் 1960களிலேயே தன் பெரிய கணினிகளில் இதைச் செய்து பார்த்தது. 1972இல் விஎம்/370 என்ற பெயரில் வாடிக்கையாளர்களுக்கே கொடுத்தது. சாதாரண இன்டெல் கணினிகளுக்கு இதைப் பரவலாக்கியது 1998இல் தொடங்கிய விஎம்வேர். 2006 ஆகஸ்டில் அமேசான் தன் ஈசி2 சேவையைச் சோதனை முறையில் திறந்தபோது, ஒரு சிறிய சர்வருக்கு மணி வாடகை 10 சென்ட். மைக்ரோசாஃப்ட் 2015இல் சென்னை, புனே, மும்பையிலும், அமேசான் 2016இல் மும்பையிலும் டேட்டா சென்டர்களைத் திறந்தபின் நம் ஊர் நிறுவனங்களுக்கும் இது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது.

டெஸ்டிங் செய்பவர்களுக்கு இதில் கிடைத்த லாபம் பெரிது. ப்ரொடக்ஷன் சர்வரை அப்படியே நகலெடுக்கலாம், இரண்டு மணி நேரம் அதைப் போட்டு வதைக்கலாம், அப்புறம் அழித்துவிடலாம். சர்வரின் அமைப்பையே ஒரு கோப்பாக எழுதிவைக்கும் டெராஃபார்ம் போன்ற கருவிகள் 2014 வாக்கில் வந்தபின், அதே கோப்பை இரண்டு தடவை ஓட்டினால் அச்சில் வார்த்த மாதிரி இரண்டு சூழல்கள் கிடைக்க வேண்டும். அதாவது, டிஎஸ்பிக்கு வந்தது போன்ற சிக்கலுக்கே இடமில்லாமல் போக வேண்டும்.

போகவில்லை. முதல் காரணம் மனிதர்கள். ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு பில்லிங் நின்றுபோனால், யாரும் அந்தக் கோப்பைத் திருத்தி முறைப்படி ஏற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். நேராக ப்ரொடக்ஷன் சர்வருக்குள் நுழைந்து ஒரு மதிப்பை மாற்றுவார்கள், பில்லிங் ஓடும், தூங்கப் போவார்கள். அந்த மாற்றம் கோப்பில் ஏறாது. ஆறு மாதத்தில் இப்படிப் பத்து மாற்றங்கள் சேர்ந்துவிட்டால், கோப்பிலிருந்து உருவாகும் டெஸ்ட் சர்வருக்கும் ப்ரொடக்ஷனுக்கும் பெயரளவில்தான் உறவு. இரண்டாவது காரணம் கிளவுடுக்குள்ளேயே இருக்கிறது. பலர் கவனிக்காமல் விடுவது அதைத்தான், கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

வாடகை வேகம்

கிளவுடில் வாங்கும் சர்வரின் வேகம் நிலையானது என்று நினைத்துக்கொள்கிறோம். மலிவான ரகங்களில் அது நிலையானதல்ல. அமேசானின் டி2.மைக்ரோ என்ற சிறிய சர்வரை எடுத்துக்கொள்வோம். விளம்பரப்படி ஒரு சிபியு. ஆனால் தொடர்ந்து கிடைக்க உத்தரவாதம் உள்ளது அதில் 10 சதவீதம் மட்டும். சும்மா இருக்கும் நேரத்தில் மணிக்கு 6 கிரெடிட் சேரும், அதிகபட்சம் 144 வரை. ஒரு கிரெடிட் என்றால் முழு வேகத்தில் ஒரு நிமிடம். மாடியில் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்வரை குழாய் சீறிக்கொண்டு வரும். தொட்டி காலியானால் போர்வெல் மோட்டார் இழுக்கும் அளவுக்குத்தான் வரும், அதே கதை. கணக்குப் போட்டால், தொட்டி நிறைந்த நிலையில் முழு வேகம் சுமார் 2 மணி 40 நிமிடம் தாங்கும். அதன்பிறகு பத்தில் ஒரு பங்கு. அடுத்த தலைமுறையான டி3 சர்வர்களில் ஏற்பாட்டை மாற்றிவிட்டார்கள்: நாமாக மாற்றாவிட்டால், கிரெடிட் தீர்ந்தாலும் வேகம் குறையாது, பில் ஏறும். எது பரவாயில்லை என்பது அவரவர் பர்ஸைப் பொறுத்தது.

டிஸ்க்கில் இது இன்னும் நுட்பமாகக் கெடுக்கும். அமேசானில் நீண்ட காலம் பொது உபயோகத்தில் இருந்த டிஸ்க் ரகம் ஜிபி2 (gp2 என்பது ரகத்தின் பெயர், அளவைச் சொல்லும் ஜிபி அல்ல). ஒரு ஜிகாபைட் (ஜிபி) அளவுக்கு விநாடிக்கு 3 வாசிப்பு அல்லது எழுத்து என்பது அதன் விதி. 100 ஜிபி டிஸ்க் வாங்கினால் விநாடிக்கு 300. ஆனால் அதற்கும் ஒரு தொட்டி உண்டு, 54 லட்சம் கிரெடிட் கொண்டது. தொட்டி தீரும்வரை விநாடிக்கு 3000 வரை பாயும். 3000 செலவாகிறது, 300 சேர்கிறது, நிகரமாக 2700 குறைகிறது. 54 லட்சத்தை 2700ஆல் வகுத்தால் 2000 விநாடி, அதாவது 33 நிமிடம் சொச்சம்.

இப்போது ஒரு லோட் டெஸ்டை, அதாவது சுமைச் சோதனையை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான அணிகள் பதினைந்து நிமிடம் அல்லது அரைமணி நேரம் ஓட்டுவார்கள். கிராஃப் நேர்கோடாக இருக்கும், எல்லாருக்கும் திருப்தி. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை கடையில் கூட்டம் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கினால், ஐந்தரை வரை எல்லாம் ஒழுங்காகப் போகும். ஐந்தே முக்காலுக்கு டேட்டாபேஸ் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு விழும். நிரலில் பிழை தேடினால் கிடைக்காது, நெட்வொர்க்கைச் சோதித்தால் நன்றாக இருக்கும். சர்வரை ரீஸ்டார்ட் செய்து பார்ப்பார்கள். டிஸ்க் அதேதான் என்பதால் ஒன்றும் மாறாது. 2020 டிசம்பரில் வந்த ஜிபி3 ரகத்தில் அளவு எதுவானாலும் 3000 நிலையாகக் கிடைக்கும் என்று ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் பல வருடங்களுக்கு முன் யாரோ உருவாக்கிவிட்டுப் போன சர்வர்களில் ஜிபி2 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி வருகிறது: சுமைச் சோதனையை அரைமணியில் நிறுத்தாதீர்கள். வியாபாரத்தின் உச்ச நேரம் நான்கு மணி நேரம் நீடிக்கும் என்றால், சோதனையும் நான்கு மணி நேரம் ஓட வேண்டும். சோதனைக்கென்று புதிதாக உருவாக்கிய சர்வரின் ஜிபி2 டிஸ்க்கில் தொட்டி நிறைந்தே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். காலையிலிருந்து வேலை செய்து களைத்த சர்வரின் தொட்டி அப்படி இருக்காது.

பக்கத்து வீட்டுச் சத்தமும் உண்டு. ஒரே பெரிய இயந்திரத்தில் உங்கள் வெர்ச்சுவல் மெஷினும் வேறு யாருடையதோ ஒன்றும் சேர்ந்து ஓடும்போது, அவருடைய வேலை அதிகமானால் உங்கள் முறை தள்ளிப்போகும். லினக்ஸில் டாப் கட்டளை கொடுத்தால் 'st' (ஸ்டீல்) என்று ஒரு நேரக்கணக்கு காட்டும். உங்களுக்கு வர வேண்டிய சிபியு நேரத்தில் எவ்வளவு வேறு பக்கம் போனது என்பது அது. சொந்த அலுவலகத்திலேயே விஎம்வேர் அல்லது கேவிஎம் போன்ற வெர்ச்சுவல் சர்வர் மென்பொருள் வைத்து ஓட்டும் நிறுவனங்களில் இது பெரும்பாலும் தானே தேடிக்கொண்டதாக இருக்கும். டெஸ்ட் சர்வரையும் ப்ரொடக்ஷனையும் ஒரே பெட்டியில் வைத்துவிட்டு, பகல் பன்னிரண்டு மணிக்கு லோட் டெஸ்ட் ஓட்டுவார்கள். கவுண்டரில் பில் போடுகிறவர் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பார்.

கண்டெய்னர்கள் (மென்பொருளையும் அதற்குத் தேவையானதையும் சேர்த்துக் கட்டிய பொதிகள்) வந்தால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று, அவற்றை உருவாக்கும் டாக்கர் கருவி 2013இல் அறிமுகமானபோது நிறைய பேர் நம்பினார்கள். 'என் லேப்டாப்பில் ஓடியதே' என்ற பழைய சண்டை குறைந்தது உண்மை. ஆனால் கண்டெய்னருக்குள் இருக்கும் மென்பொருள், தான் கண்டெய்னருக்குள் இருப்பதை அறிந்திருக்க வேண்டுமே. 2018 அக்டோபருக்கு முந்தைய ஜாவா 8 பதிப்புகள் தாமாக அறியவில்லை. 64 ஜிபி மெமரி உள்ள இயந்திரத்தில் 2 ஜிபி வரம்பு போட்டு ஒரு கண்டெய்னரை ஓட்டினால், ஜாவா 64ஐத்தான் பார்க்கும். அதில் கால்வாசி, 16 ஜிபி வரை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்யும். 2 ஜிபியைத் தாண்டிய கணம் லினக்ஸ் அதைக் கொன்றுவிடும். டெவலப்பர் லேப்டாப்பில் வரம்பு போடாமல் ஓட்டிப் பார்த்ததால் இது கண்ணில் பட்டிருக்காது.

தூரம், நேரம், எழுத்து

அலுவலகத்திலேயே சர்வர் வைத்திருந்த ஒரு மொத்த வியாபாரி கிளவுடுக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பில்லிங் மென்பொருள் கவுண்டர் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, டேட்டாபேஸை மட்டும் மும்பைக்கு நகர்த்துகிறார்கள். ஒரு வாடிக்கையாளரின் கணக்கைத் திறக்க அந்த மென்பொருள் டேட்டாபேஸிடம் 150 கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறது. பழைய மென்பொருள்களில் இது சர்வ சாதாரணம். சர்வர் அதே கட்டடத்தில் இருந்தபோது ஒரு கேள்விக்கு அரை மில்லிசெகண்டு, மொத்தம் 75 மில்லிசெகண்டு; யாருக்கும் தெரியாது. மும்பை போய்வர 20 மில்லிசெகண்டு என்றால் மொத்தம் 3 விநாடி. ஒவ்வொரு பில்லுக்கும் 3 விநாடி! சர்வரைப் பெரிதாக்கிப் பயனில்லை, தாமதம் வழியில் இருக்கிறது. மென்பொருளையும் டேட்டாபேஸையும் சேர்த்தே நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் அந்த 150 கேள்விகளை ஐந்தாகக் குறைக்க வேண்டும். இதையும் கிளவுடுக்குள்ளேயே உட்கார்ந்து சோதித்தால் பிடிக்க முடியாது. கடையிலிருந்து, கடையின் இணைப்பில், கூட்டமான நேரத்தில் சோதிக்க வேண்டும்.

நேரக் கணக்கு இன்னும் வேடிக்கை. கிளவுட் சர்வர்கள் பொதுவாக உலகப் பொது நேரத்தில் ஓடும். இந்தியாவும் இலங்கையும் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். காலை ஐந்தரையிலிருந்து நள்ளிரவு வரை இரண்டுக்கும் தேதி ஒன்றுதான். நள்ளிரவிலிருந்து ஐந்தரை வரைதான் சர்வர் முந்தைய நாளில் இருக்கும். அலுவலக நேரத்தில் சோதிக்கிறவர்கள் எத்தனை நாள் சோதித்தாலும் இந்தப் பிழையைப் பார்க்கவே முடியாது. இரவு முழுக்கத் திறந்திருக்கும் மருந்துக்கடை, பெட்ரோல் பங்க், லாரி புக்கிங் ஆபீஸ் போன்ற இடங்களில் முதல் இரவே மாட்டிக்கொள்ளும். ஏப்ரல் 1ஆம் தேதி அதிகாலை ஒரு மணிக்குப் போட்ட பில் மார்ச் 31ஆம் தேதியில் விழுந்தால் அது வேறு நிதியாண்டு. ஆடிட்டரிடம் விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிடும். சர்வரின் கடிகாரத்தை வேண்டுமென்றே இந்திய நேரப்படி அதிகாலை இரண்டு ஆகும்படி திருப்பிவைத்து ஒரு பில் போட்டுப் பார்ப்பது அரைமணி வேலை. அதைத் தூக்கி எறியக்கூடிய ஒரு வெர்ச்சுவல் மெஷினில் செய்யலாம் என்பதுதான் சௌகரியம்.

தமிழில் பில் அச்சிடுகிறவர்களுக்கு இன்னொன்று. டெவலப்பரின் விண்டோஸ் கணினியில் நிர்மலா என்ற தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கும். அளவைக் குறைத்துச் செதுக்கிய லினக்ஸ் கண்டெய்னரில் எழுத்துருவே இருக்காது. பிடிஎஃப் உருவாக்கினால் வாடிக்கையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வரும். எழுத்துருவை மட்டும் போட்டால் போதாது. கொம்பையும் காலையும் எழுத்தின் இருபுறமும் சரியாக வைக்கத் தெரிந்த நிரலும் வேண்டும். இல்லாவிட்டால் 'கொ' என்பது கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். டெஸ்ட் டேட்டாவில் எல்லாப் பெயரும் ஆங்கிலத்தில் இருந்தால் இதுவும் ப்ரொடக்ஷனில்தான் தெரியவரும்.

ஏற்றும் வேலையையும் சோதிக்க வேண்டும்

மென்பொருள் சரி, சர்வர் சரி. ஏற்றும்போது தவறினால்?

அமெரிக்கப் பங்குச்சந்தையில் பெரிய புள்ளியாக இருந்த நைட் கேப்பிட்டல் நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி காலை 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. நியூயார்க் பங்குச்சந்தை அன்று தொடங்கவிருந்த ஒரு புதிய வசதிக்காக நிரலை மாற்றியிருந்தார்கள். ஆர்டர்களை அனுப்பும் சர்வர்கள் மொத்தம் எட்டு. ஏழில் புதிய நிரல் ஏறியது, ஒன்றில் ஏற்ற மறந்துவிட்டார்கள். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான நடைமுறை இல்லை. புதிய நிரல் ஒரு பழைய ஃபிளாகை (ஒரு வசதியை இயக்கவோ அணைக்கவோ நிரலில் வைக்கும் குறி) மறுபடி பயன்படுத்தியது. அந்த ஃபிளாக் முன்பு 'பவர் பெக்' என்ற வசதியை இயக்கிக்கொண்டிருந்தது. 2003இலேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள், ஆனால் நிரலிலிருந்து நீக்கவில்லை. எத்தனை பங்கு வாங்கியாயிற்று, போதுமா என்று எண்ணும் பகுதியை 2005இல் வேறு இடத்துக்கு மாற்றியபோது, பவர் பெக் அதற்கப்புறமும் ஒழுங்காக ஓடுமா என்று யாரும் சோதிக்கவில்லை. பயன்பாட்டில் இல்லாததை யார் சோதிப்பார்கள்?

சந்தை திறந்தது. எட்டாவது சர்வரில் ஒன்பது வருடம் தூங்கிய நிரல் விழித்தது. 212 சிறிய ஆர்டர்களை நிறைவேற்றப் போய், நிறுத்தத் தெரியாமல் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகளைச் செய்து முடித்தது. பதற்றத்தில் பொறியாளர்கள் எடுத்த முடிவு, புதிய நிரல்தான் கோளாறு என்று எண்ணி, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கியது. அந்த ஏழிலும் பழைய நிரல் விழித்துக்கொண்டது. சந்தை திறப்பதற்கு முன்பே நிறுவனத்தின் கணினி அமைப்பு பவர் பெக் பெயரைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கை என்று யாருக்கும் படவில்லை. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் இன்னொன்றுடன் இணைந்துவிட்டது.

கிளவுட் இல்லாத கதைதான் இது. ஆனால் இன்று எட்டுக்குப் பதில் எண்பது சர்வர்களில் ஏற்றுகிறோம், அதனால் இதன் பொருத்தம் கூடியிருக்கிறது. இன்றைய வழக்கம், ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்குள் போய் நிரலை மாற்றுவதில்லை. புதிய நிரலோடு முழுப் புதிய சர்வர்களை உருவாக்கி, அவை பதில் சொல்கின்றனவா என்று பார்த்து, லோட் பேலன்ஸரில் (வருகிற கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் கருவி) போக்குவரத்தைத் திருப்பிவிட்டு, பழையவற்றைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பார்கள். இதை ப்ளூ-கிரீன் என்பார்கள். முதலில் நூற்றில் ஒரு வாடிக்கையாளரை மட்டும் புதியதற்கு அனுப்பி, பிழை எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்து, அப்புறம் பத்து, ஐம்பது என்று கூட்டுவது கேனரி முறை. என் அபிப்பிராயத்தில் சிறிய நிறுவனத்துக்கு ப்ளூ-கிரீன் போதும். நூற்றில் ஒருவரைப் பார்த்து எதையாவது தெரிந்துகொள்ள, முதலில் ஆயிரக்கணக்கில் வாடிக்கையாளர்கள் வேண்டும்.

இரண்டிலும் சர்வரைத் திருப்புவது சுலபம், டேட்டாபேஸைத் திருப்புவதுதான் கஷ்டம். புதிய பதிப்பு ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றிவிட்டது, அரைமணி நேரம் புதிய பில்கள் பதிவாகிவிட்டன, இப்போது பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டும் என்றால் பழைய நிரலுக்கு அந்த நெடுவரிசையே தெரியாது. அனுபவசாலிகள் இதை இரண்டு மூன்று தவணையாகச் செய்வார்கள்: முதலில் புதிய நெடுவரிசையைச் சேர்த்து இரண்டிலும் எழுதுவது, சில நாள் கழித்து வாசிப்பதைப் புதியதற்கு மாற்றுவது, எல்லாம் அடங்கியபின் பழையதை நீக்குவது. அலுப்பான வேலை. ஆனால் ரோல்பேக், அதாவது பழைய பதிப்புக்குத் திரும்புவது என்று பேப்பரில் எழுதியிருப்பது உண்மையிலேயே வேலை செய்ய இதுதான் வழி. ரோல்பேக்கையும் டெஸ்ட் சூழலில் ஒருமுறை முழுசாக ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

டெஸ்ட் சூழல் ப்ரொடக்ஷன் மாதிரியே இருக்க வேண்டும் என்று இவ்வளவு சொல்லிவிட்டு, மாதிரியே இருக்கக் கூடாத இடத்தையும் சொல்ல வேண்டும். ப்ரொடக்ஷனை அப்படியே நகலெடுத்தால் வாடிக்கையாளர்களின் உண்மையான கைபேசி எண்களும், எஸ்எம்எஸ் அனுப்பும் சாவியும் சேர்ந்தே வரும். 2021 ஜூனில் எச்பிஓ மேக்ஸ் என்ற வீடியோ தளத்தின் சந்தாதாரர்கள் பலருக்கு, இது ஒருங்கிணைப்புச் சோதனைக்கானது என்று ஒற்றை வரி மட்டும் கொண்ட ஒரு மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்கு அது சிரிப்போடு போயிற்று. 'உங்கள் கணக்கில் 50,000 ரூபாய் பாக்கி' என்று ஒரு டெஸ்ட் எஸ்எம்எஸ் போனால் சிரிப்பு வராது. இந்தியாவில் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. பெயர், எண், முகவரியைக் கலைத்துவிட்டு நகலெடுங்கள். ஆனால் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். 200 பில் உள்ள டேட்டாபேஸில் எந்தக் கேள்வியும் வேகமாகத்தான் ஓடும். 20 லட்சம் பில் இருந்தால்தான் இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) இல்லாதது தெரியும்.

பேக்கப் இருக்கிறது, மீட்க முடியுமா?

2017 ஜனவரி 31 இரவு, மென்பொருள் உருவாக்குபவர்கள் பயன்படுத்தும் கிட்லேப் தளத்தின் டேட்டாபேஸில் சுமை ஏறியது. இரண்டாம் சர்வரில் நகல் பின்தங்கிப்போக, அதை அழித்துவிட்டு மறுபடி தொடங்க ஒரு பொறியாளர் முயன்றார். கட்டளை கொடுத்தது முதல் சர்வரில். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். 300 ஜிபியில் மிச்சம் இருந்தது சுமார் நாலரை ஜிபி.

பேக்கப்பைத் தேடினார்கள். தினமும் எடுக்கும் பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸின் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2, பதிப்பு பொருந்தாமல் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களை, அவற்றைப் பெற வேண்டிய சர்வர் ஏற்க மறுத்துத் திருப்பிக்கொண்டிருந்தது. அப்போது அவர்கள் இருந்தது மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷ்யூரில். அங்கே டிஸ்க்கை அந்தக் கணத்தில் இருந்தபடியே நகலெடுக்கும் ஸ்னாப்ஷாட் வசதி உண்டு, டேட்டாபேஸ் சர்வர்களுக்கு அதை இயக்கிவைக்கவில்லை. காப்பாற்றியது தற்செயல்: ஆறு மணி நேரத்துக்கு முன்பு அதே பொறியாளர் ஸ்டேஜிங் (வெளியிடும் முன் ஒத்திகை பார்க்கும்) சர்வருக்காகக் கையால் ஒரு நகல் எடுத்திருந்தார்.

அந்த நகலை மீட்கவும் சுமார் 18 மணி நேரம் ஆனது. காரணம், ஸ்டேஜிங் சர்வரில் மலிவான, மெதுவான டிஸ்க். டெஸ்ட் சூழலுக்கு எதற்கு நல்ல டிஸ்க் என்ற சிக்கனத்தின் விலை அந்த நேரத்தில் தெரிந்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் பதிவான கருத்துகளும் புதிய கணக்குகளும் போய்விட்டன. கிட்லேப் எதையும் மறைக்கவில்லை. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டியது, பிறகு முழு அறிக்கையையும் வெளியிட்டது. இந்தத் துறையில் அந்த அளவு வெளிப்படையான அறிக்கை அபூர்வம்.

கிளவுட் நிறுவனமே அழித்துவிட்டால்? 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்கு அதுதான் நடந்தது. அதன் சர்வர்கள் கூகுள் கிளவுடில் ஒரு தனி ஏற்பாட்டில் ஓடின. ஓராண்டுக்கு முன் அதை உருவாக்கிய கூகுள் ஊழியர்கள் ஒரு மதிப்பைக் காலியாக விட்டிருந்தார்கள். காலியாக விட்டால் ஓராண்டு முடிந்ததும் தானாக அழியும் என்பது உள்ளே இருந்த விதி. 6 லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களால் சுமார் ஒரு வாரம் கணக்கைப் பார்க்க முடியவில்லை. யூனிசூப்பர் வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது மீட்பதற்குப் பெரிதும் உதவியது.

பேக்கப்பைச் சோதிப்பது இன்று சிறு நிறுவனத்துக்கும் முடிகிற வேலை. மாதம் ஒருமுறை புதிதாக ஒரு வெர்ச்சுவல் சர்வரை வாடகைக்கு எடுத்து, வெறும் பேக்கப் கோப்பிலிருந்து முழு அமைப்பையும் எழுப்பிப் பார்க்க வேண்டும். வழக்கமாக இதைச் செய்கிறவர் லீவில் இருக்கும் வாரமாகப் பார்த்து இன்னொருவர் செய்தால் இன்னும் நல்லது. பாஸ்வேர்ட் அவர் தலைக்குள் மட்டும் இருப்பது அப்போதுதான் தெரியவரும். நேற்றைய மொத்த விற்பனைத் தொகை இரண்டு பக்கமும் ஒன்றாக வருகிறதா என்று ஒப்பிட்டுவிட்டு சர்வரை அழித்துவிடலாம். செலவு சில மணி நேர வாடகை. முக்கியமாக, தொடங்கியதிலிருந்து முதல் பில் போடும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். அந்த எண்ணை முதலாளியிடம் காட்டி, 'சர்வர் போனால் ஒன்பது மணி நேரம் பில் போட முடியாது, பரவாயில்லையா?' என்று கேட்கலாம். இரண்டாவது சர்வருக்கும் நல்ல டிஸ்க்குக்கும் பணம் ஒதுக்குவது பற்றிய பேச்சு பெரும்பாலும் அதற்கப்புறம்தான் தொடங்கும்.